வண்ண இலையும் வடிகால் நீரும்

அழகு ஒன்றையே கருதி ஒரு செடியை வளர்ப்பதும், அதற்கு நாள்தோறும் நீர் வார்ப்பதும் ‘இஸ்ராஃப்’ என்னும் வீண்விரயத்தில் அடங்காவோ என்று நம் சமுதாயப் பெரியோர் வினவுவதுண்டு. காய்க்காத, உணவுக்கு உதவாத, ஆடும் வாய்வைக்கலாகாத குரோட்டன்சுக்கு எதற்குத் தண்ணீர் என்பதே அவ்வினாவின் எளிய வடிவம். இதனைப் பழைமைவாதம் என்று இளைஞர்கள் புறந்தள்ளிவிடுதல் கூடாது. கிணற்றில் நீர் இறங்கிய ஆண்டுகளைக் கண்ணாரக் கண்ட தலைமுறையின் வினா அது. அதற்கு நேர்மையான விடை தேட வேண்டும்.

எருமப்பட்டி, நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த பேரூர். வடதிசையில் கொல்லிமலை நீலச் சுவரென நிற்கின்றது. மலையின்மேல் மிளகும் காப்பியும் விளையும் பசுமை. அடிவாரத்துச் சமவெளியிலோ செம்மண்ணும் வெயிலும். நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 700 மில்லி மீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். காவிரி மாவட்டத்தின் எல்லையை வளைத்து ஓடினும், இப்பக்கத்து மேட்டு நிலங்கள் ஆழ்துளைக் கிணறுகளையும் வானத்தையுமே நம்பியிருக்கின்றன. இத்தகைய ஊரில் வீட்டு முற்றத்திற்கு வண்ணம் வேண்டுமென விரும்புவோர் எதனை நாடுவது? புல்தரை இம்மண்ணுக்கு ஒவ்வாத ஆடம்பரம். சித்திரை வெயிலில் அதனைக் காப்பதற்கு ஊற்றும் நீரில் ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவையே நிறைவேறிவிடும். ரோசாவும் மல்லிகையும் பூத்தால் அழகு. பூக்காத நாள்கள் மிகுதி. இலையின் நிறமோ ஆண்டு முழுவதும் நிற்பது. ஆகவே, வறண்ட சமவெளியில் வாழும் நாம் வண்ணத்தைப் பூவினிடம் கேட்பதைக் காட்டிலும் இலையினிடம் கேட்பதே அறிவுடைமை என்பது என் துணிபு. ஆயின் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது நீரைப் பற்றியது, பின்னர்க் கூறுவேன்.

பூவைப் போற்றிய அளவுக்கு இலையை நாம் போற்றவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. இலைகளுக்கு அத்தகைய பெருவரிசை ஒன்று நமக்குக் கிட்டவில்லை. எனினும் இலையின் நிறத்தைப் பழந்தமிழர் காணாதவர் அல்லர். தலைவியின் மேனி எழிலை மாந்தளிரோடு ஒப்பிட்டு ‘மாமை’ என்றனர். இளம் மாந்தளிரை உற்று நோக்கியவர் அறிவர். அதன் நிறம் பச்சையே அன்று, செம்பும் பொன்னும் குழைந்த நிறம். தலைவன் தலைவிக்குக் கையுறையாகக் கொணர்ந்ததும் தழையே. அதனை உடையாகத் தொடுத்து அணிந்தனர். மொழியும் இலையைக் கூர்ந்து கண்டிருக்கிறது. நெல்லுக்குத் தாள், சோளத்திற்கும் கரும்பிற்கும் தோகை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை, வேம்பிற்கும் புளிக்கும் இலை என வேறு வேறு சொற்கள் உள. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்திற்கு இத்தகைய பாகுபாடுகளையே சான்றாக எடுத்துக்காட்டினார். இத்துணை நுண்மையாக இலையை நோக்கிய இனம், இன்று ‘குரோட்டன்ஸ்’ என்னும் சொல்லை வெயிலறியாது வளர்ந்த பட்டணத்துப் பிள்ளைகளை எள்ளுவதற்குப் பயன்படுத்துவது விந்தையே. உண்மையில் அச்செடி வெயிலை விரும்புவது. நிழலில் வைத்தால் நிறமிழந்து பச்சையாகிவிடுவது. எள்ளுவோர் உவமையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவை அயல்நாட்டுச் செடிகள் அல்லவா என்று கேட்பாரும் உளர். குரோட்டன்சின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் என்பது உண்மை. 1753-ஆம் ஆண்டு லின்னேயசு இதனைக் குரோட்டன் என்னும் இனத்தில் சேர்த்தார். பின்னர் வந்த தாவரவியலார் ‘கோடியேயம்’ என வேறு இனமாகப் பிரித்துவிட்டபோதிலும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கிரேக்க மொழியில் குரோட்டன் என்பது உண்ணியைக் குறிக்குமாம். விதையின் தோற்றம் பற்றி வந்த பெயர். ஆமணக்கு விதையைக் கண்ட நம் ஆடு மேய்ப்போருக்கு அவ்வொப்புமை உடனே விளங்கும். ஏனெனில் ஆமணக்கும் குரோட்டன்சும் ஒரே குடும்பம். நம் வட்டாரத்து வயல்களை நிறைத்து நிற்கும் மரவள்ளியும் அக்குடும்பமே. மெய்யான குரோட்டன் இனத்தைச் சேர்ந்ததோ, பேதி மருந்தென நாட்டு வைத்தியர் நன்கறிந்த நேர்வாளம்.

இவ்வாறு நோக்கின், கடைகளில் புதுப்பெயரோடு வரும் வண்ணச் செடிகள் பலவும் நம் வாயிற்படியில் நிற்கும் எளிய செடிகளுக்கு உறவாக இருத்தலைக் காணலாம். செம்பு நிற இலையோடு வேலியாக வளரும் அகாலிபா பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. அதன் உடன்பிறப்பு நம் குப்பைமேனி. பட்டுப்போன்ற பல நிற இலைகளையுடைய கோலியசுக்குக் கற்பூரவள்ளி நெருங்கிய சுற்றம். சேலம், ஆத்தூர் வட்டாரங்களில் வேருக்காகப் பயிரிடப்பெறும் மருந்துக்கூர்க்கனும் அதே இனம். இளஞ்சிவப்பும் வெண்மையும் தெளித்தாற்போன்ற காலேடியம், சேம்பின் குடும்பத்தது. ‘ஸ்நேக் பிளாண்ட்’ என்று அழகிய தொட்டியில் வைத்து நல்ல விலைக்கு விற்கின்றார்களே, அதன் இனத்தைச் சேர்ந்த நம் நாட்டுச் செடிதான் மருள். சங்க நூல்கள் மரல் என்று சுட்டுவதும் இதுவே. வரப்போரத்திலும் கற்காட்டிலும் பச்சைமேல் கரும்பட்டை கொண்டு நிற்கும் அதனை நாரெடுத்துப் பயன்கொண்ட காலம் உண்டு. இன்று அதனைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. பணம் கொடுத்து வாங்குமுன் ஒருமுறை ஊர்ப்புறத்தில் நடந்து பார்த்தல் நன்று.

கீரைப் பாத்தியிலும் இவ்வழகு உண்டு. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த இலைகளையுடைய அமராந்தசு வகை ஒன்றனை ஆங்கிலேயர் யூசுஃபின் அங்கி என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். அது நம் தண்டுக்கீரைக்கு உறவு, உண்ணவும் ஆகும். பல வண்ண அங்கி என்னும் செய்தி பைபிள் வழி வந்தது. திருக்குர்ஆனின் ஸூரா யூஸுஃபில் நபி யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை மூன்று இடங்களில் கதையைத் திருப்பும் பொருளாக வருகின்றது. ஆனால் அதன் நிறம் கூறப்படவில்லை. மாணவர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். நிறங்களைப் பற்றித் திருமறை பேசாமலும் இல்லை. ஃபாத்திர் அத்தியாயம் வானிலிருந்து இறங்கும் நீரால் வெவ்வேறு நிறக் கனிகள் விளைவதையும், மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமான தடங்கள் இருப்பதையும் சான்றுகளாகச் சுட்டுகின்றது. ஸுமர் அத்தியாயமோ பல நிறப் பயிர்கள் எழுந்து பின் மஞ்சளித்துச் சருகாவதைச் சிந்திக்கச் சொல்கின்றது. நிறத்தைக் கண்டு வியப்பது வீண்செயல் என்று எவ்வாறு கூற இயலும்?

அயல்நாட்டுச் செடியைக் கொணர்ந்து நடுவதும் நம் வரலாற்றுக்குப் புதிதன்று. பெங்களூரின் லால்பாக் தோட்டத்தை 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வருவித்து அதனை வளப்படுத்தினார். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை நம் சேலம் நிலமும் அவ்வாட்சியின்கீழ் இருந்ததே. உமறுப்புலவரோ இதற்கு எதிர்த்திசையில் சென்றார். சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு மண்ணைத் தமிழகத்து மருதநிலமாகவே வனைந்தார். பாலைவனத்திற்கு வயலைக் கொண்டுசென்ற புலவரைப் போற்றும் நாம், வறண்ட முற்றத்திற்கு மலுக்குத் தீவின் இலையைக் கொணரும் இல்லத்தரசியைக் குறைகூறலாகாது.

இனி வளர்ப்பு முறை பற்றிச் சில. வண்ண இலைச் செடிகளுக்கு வெளிச்சமே சாயம். இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். சிவப்புக்கும் ஊதாவுக்கும் பெரும்பாலும் அந்தோசயனின் என்னும் நிறமி. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கரோட்டினாய்டுகள். குரோட்டன்சும் அகாலிபாவும் நல்ல வெயில் பட்டால்தான் நிறம் ஏறும். கோலியசும் காலேடியமும் காலை வெயிலோடு நிறைவடைபவை. நம் ஊர்ப் பங்குனி, சித்திரை நண்பகல் வெயிலில் வெளுத்துக் கருகிவிடும். கோலியஸ் நீர் சற்றுக் குறைந்தாலும் தலைசாய்ந்துவிடும். குரோட்டன்ஸ் வேரூன்றும் வரைதான் கவனிப்பை வேண்டும். மருளுக்கு நீர் மிகுந்தால்தான் கேடு, அழுகிப்போகும். ஏற்காட்டுக்குச் சென்று திரும்புவோர் குளிர்மண்டலத்துப் பிகோனியாக்களை வாங்கி வந்து, கோடை தொடங்கியதும் காய்ந்த தொட்டியை வெறித்து நோக்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இலையில் வெள்ளைப் பகுதி மிகுந்த செடி மெதுவாகவே வளரும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இன்மையால் அது உணவு சமைப்பதில்லை. அத்தகைய செடியில் முழுப்பச்சைக் கிளை ஒன்று தோன்றினால் உடனே வெட்டிவிடுக; விட்டால் அது முந்திக்கொண்டு செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும்.

நாமக்கல் என்றாலே கோழிப்பண்ணை. கோழி எரு நமக்கு எளிதில் கிடைப்பது. அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். மக்காத எரு வேரைப் பொசுக்கும். மக்கியதாயினும் அளவு மீறினால் தழைச்சத்து மிகுந்து இலை பெருத்து நிறம் மங்கும். வண்ண இலைக்குப் பட்டினியும் ஆகாது, விருந்தும் ஆகாது.

வீட்டினுள் வைக்கும் செடிகளைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் பல; சிலவற்றைக் களைந்தாக வேண்டும். மணி பிளாண்ட் வளர்ந்தால் செல்வம் பெருகும், அதுவும் பிறர் வீட்டிலிருந்து களவாக எடுத்து வந்தால்தான் பலிக்கும் என்கின்றனர். செல்வத்தை அளிப்பவன் இறைவன் என்று நம்பும் இல்லங்களிலும் இப்பேச்சு புகுந்திருப்பது வருந்தத்தக்கது. கேட்டால் மகிழ்ந்து கொடுக்கக்கூடிய ஒரு கொடித்துண்டைக் களவாடி வருவதில் என்ன பரக்கத் இருக்க முடியும்? அடுத்தது, தொட்டிச்செடி அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்னும் விளம்பரம். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் அடைத்த கூண்டுக்குள் நடத்திய ஆய்வின் முடிவைச் சாதாரண வீட்டுக்கும் பொருத்திவிட்டனர். பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வுரையோ, காற்றோட்டமுள்ள கட்டடத்தில் அப்பயன் கிட்ட வேண்டுமெனில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. அத்தனை செடிகளை வைத்தபின் நாம் எங்கே அமர்வது? சன்னலைத் திறந்து வைத்தலே தக்க வழி. கண்ணாடிப் புட்டியில் நீரூற்றி மணி பிளாண்ட் வளர்ப்போர் வாரம் ஒருமுறை நீரை மாற்றிப் புட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய தெளிநீர் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கு உகந்த தொட்டில். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீருக்கும் இது பொருந்தும்.

குழந்தைகள் தவழும் வீட்டில் இன்னொன்றையும் கருத வேண்டும். சேம்பும் கருணையும் நாவை அரிப்பதேன்? அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு ஊசிகளால். அதே குடும்பத்தைச் சேர்ந்த காலேடியம், மணி பிளாண்ட், பெரிய புள்ளி இலைகளையுடைய டைபன்பேக்கியா ஆகியவற்றிலும் அவ்வூசிகள் உள. டைபன்பேக்கியாவை மென்றால் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சும் தடைப்படும். இவற்றைக் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் வைக்கலாம். வைக்க இடமில்லையேல் வாங்காமலே இருக்கலாம். குரோட்டன்சின் பாலும் தோலை உறுத்துவது. கிளை கழித்தபின் கை கழுவ வேண்டும். கழித்த கிளைகளை ஆட்டுப்பட்டியருகே எறிதல் தகாது.

இப்போது நீரைப் பற்றிய அந்த நிபந்தனைக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ்களில் காணப்பெறும் செய்தி. முத்து என்பது இரு கைகளும் சேர்ந்த அளவு. ஒரு லிட்டருக்கும் குறைவு. ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் ஒளூவில் நீரை விரயம் செய்யலாகாது என்று தோழர் ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதாகவும் அறிகிறோம். இன்று குழாயைத் திறந்துவைத்து நாம் செலவிடும் நீருக்குக் கணக்கில்லை. ஒருவர் மூன்று லிட்டர் மட்டுமே செலவிடுவதாகக் கொள்வோம். ஒரு வேளைக்கு நாற்பது பேர், ஐந்து வேளை எனின் நாளொன்றுக்கு 600 லிட்டர். பல இடங்களில் அந்நீர் நேரே தெருச் சாக்கடைக்குச் செல்கின்றது. ஒருமுறை பயன்பட்ட நீர் மீண்டும் ஒளூவுக்கு ஆகாது என்பர் மார்க்கச் சட்ட அறிஞர். ஆனால் சோப்பும் எண்ணெயும் கலவாத அந்நீரை ஏற்பதில் செடிகளுக்குத் தடை ஏதுமில்லை. ஹவுளிலிருந்தும் குழாயடியிலிருந்தும் வடியும் நீரை மதில் ஓரமாக ஓர் ஆழமற்ற வாய்க்காலில் திருப்பி, அக்கரையில் குரோட்டன்சும் அகாலிபாவும் நட்டால் பள்ளிவாசல் முகப்பு ஆண்டு முழுவதும் வண்ணமுற்றுத் திகழும். நீர் தேங்காதபடி சரிவு மட்டும் வேண்டும். வீடுகளில் அரிசி, காய்கறி கழுவிய நீர் தொட்டிகளுக்குப் போதும். சோப்பு நீரை அடுத்தடுத்து ஊற்றலாகாது. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரில் உப்பு மிகுதி. நல்ல நீர் கலவாமல் ஊற்றினால் குரோட்டன்சின் இலைநுனி கருகும்.

ஆகவே பெரியோரின் வினாவுக்கு என் விடை இதுவே: ஆழ்துளைக் கிணற்றின் குடிநீரை ஊற்றி வளர்க்கும் வண்ண இலை விரயமேயாகும், பெரியோர் கூற்று முற்றும் சரி. வடிந்து வீணாகும் நீரில் வளர்வது விரயத்தைத் தடுப்பதாகும். கிணற்று நீரையே நம்பித்தான் தோட்டம் போட வேண்டுமெனில் மருளைத் தவிர வேறொன்றையும் நடாதிருப்பதே நல்லது.

அழகுச் செடி வளர்ப்போருக்கு அயலாரின் வயலைப் பற்றிய பொறுப்பும் உண்டு. 2008-இல் கோவையில் காணப்பெற்ற பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நில்லாது மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியது. வீட்டு முற்றத்துச் செம்பருத்தியும் அகாலிபாவும்கூட அதற்கு இரையாயின. 2010-இல் புயர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வருவித்து விட்டபின்னரே அது அடங்கியது. அடுத்து, மரவள்ளிக்கே உரிய மற்றொரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தோன்றி நம் மாவட்டங்களுக்கும் பரவியது. அதற்கெதிராக ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொணர்ந்த குளவியைச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022-இல் வெளியிட்டனர். எங்கிருந்தோ வந்த ஒரு தொட்டிச் செடியின் கணுவில் ஒட்டியிருக்கும் வெண்பஞ்சுத் துளி, எருமப்பட்டிப் பக்கத்து ஏழை உழவர் ஒருவரின் ஆண்டு வருவாயைத் தின்றுவிடக்கூடும். எனவே விலைக்கு வாங்கிய செடியை இரண்டு வாரமேனும் தனியே வைத்து, இலையடியையும் கணுக்களையும் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அழகுக்கென்று வளர்க்கும் மஞ்சள் வரி மரவள்ளியை, மரவள்ளி வயலை அடுத்த வீடுகளில் நடாமலிருப்பதே முறை.

விலைக்கு வாங்குவதைக் குறைத்து, அண்டை வீட்டாரிடம் போத்து கேட்டு வாங்கி நடுவதற்கு ஒரு தாவரவியல் காரணமும் உண்டு. வண்ண வகைகள் பலவும் விதைவழித் தாயின் நிறத்தைக் காப்பதில்லை; தண்டின் வழியே காக்கின்றன. மரவள்ளிக் குச்சி நட்டுப் பழகிய கைகளுக்கு இது எளிது. ஆடி, ஆவணி மழைத்தூறலில் பென்சில் பருமனுள்ள குரோட்டன்ஸ் தண்டைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, பால் வடிந்தபின் மணலும் மண்ணும் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வைத்தால் ஐந்தாறு வாரங்களில் வேர்விடும். கோலியசுக்கு ஒரு குவளை நீர் போதும். பத்து நாளில் வேர் தெரியும். மஞ்சள் கரையிட்ட ஸ்நேக் பிளாண்டை மட்டும் இலைத்துண்டால் பெருக்க முயலாதீர்கள். வேர்விடும், குட்டியும் போடும், ஆனால் கரை மறைந்து வெறும் பச்சையாகவே வரும். கரை வேண்டுமாயின் கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும்.